புது நம்பர்க்காரன்

ஜனவரி 12

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்க மாட்டேன். நலம் விசாரிக்கிற நிலையிலா நீ எங்களை வைத்திருக்கிறாய்? என் நம்பரையும் அப்பா நம்பரையும் பிளாக் செய்துவிட்டு, அம்மா போன இந்த இரண்டு வருடமாக நீ பாட்டுக்கு இருக்கிறாய். உன் வீட்டு முகவரி எனக்குத் தெரியாது. நீ வேலை செய்கிற குளிர்க்கிடங்கின் பெயர் மட்டும் ஞாபகம் இருந்தது. அதனால்தான் இந்தக் காகிதமும் பேனாவும். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழி.

சமாதானம் பேச எழுதவில்லை. அப்பாவின் போனைப் பற்றி எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாக அப்பா ஒரு மாதிரியாக இருந்தார். ஒரு மாதிரி என்றால், சந்தோஷமாக. நான் கண்ணாடிக் கடைக்குக் கிளம்புவதற்குள் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எங்கேயோ கல்யாணத்துக்குப் போகிற ஆள் மாதிரி. ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "அவன் இருக்கற ஊர்ல இப்ப எவ்வளவு குளிர் இருக்கும்?"

"எவன்?"

"உன் தம்பிதான். வேற எவன்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ மனசு மாறிவிட்டாய் என்று நினைத்தேன். அவரே போனை நீட்டினார். "பாரு, எப்படி எழுதறான் பாரு." முதல் மெசேஜிலிருந்து படித்தேன். 'அப்பா, என் போன் தண்ணில விழுந்துடுச்சு. இது என் புது நம்பர். பழையதை அழிச்சிடுங்க.' இவரும் பழையதை அழித்துவிட்டார்.

முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்தவர். படியில் கால் வைக்கும்போதே எவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். இதில் முகம் எங்கே இருக்கிறது பார்க்க?

நீ இல்லை என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறாயா? நீ எழுதினால் 'சரி', 'ம்', 'பாக்கலாம்'. இவன் 'மருந்து போட்டீங்களாப்பா, ராத்திரி தூக்கம் வந்துச்சா' என்கிறான். என் தம்பி இல்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

கொஞ்சம் பணமும் போயிருக்கிறது. அது போகட்டும். பிரச்சினை வேறு. அப்பாவுக்கு இதய வால்வு பழுது. அடுத்த மாதக் கடைசியில் அறுவை சிகிச்சை. "அதுவரைக்கும் அவருக்கு மனசு அதிர்ற மாதிரி எதையும் சொல்லிடாதீங்க" என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இப்போது அவரிடம் போய், 'இது உங்க மகன் இல்ல, ஊர் பேர் தெரியாத திருடன்' என்று சொன்னால் என்ன ஆகும்? சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். எங்கள் நம்பரைத் திறந்துவிடு. நீயே அவருக்கு ஒரு வரி எழுது. நீ வந்துவிட்டால் அவன் தானாகப் போய்விடுவான்.

அக்கா


ஜனவரி 24

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. இங்கே யாருக்கும் கடிதம் வருவதில்லை. மேற்பார்வையாளர் அதை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, "கோர்ட் நோட்டீஸா?" என்று கேட்டார். இனி உறையின் மேல் பெரிதாக என் பெயரை எழுதாதே.

போன் விஷயம். இங்கேயும் இரண்டு பேர் இப்படி ஏமாந்திருக்கிறார்கள். செய்ய வேண்டியது இதுதான். பேங்க் ஆப்பை அவர் போனிலிருந்து எடுத்துவிடு. தெரியாத நம்பரிலிருந்து வருகிற மெசேஜ் எல்லாம் தனியாகப் போய் விழுகிற மாதிரி செட்டிங்கில் மாற்றலாம், மாற்று. எந்த லிங்க்கையும் தொடக்கூடாது, ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாது என்று சொல்லிவை. அவசரப்படுத்துகிறவன் எல்லாம் திருடன் என்று சொல். வீட்டு ஆள் என்று எவனாவது சொன்னால், வீட்டு ஆளுக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல். அப்புறம் அந்த நம்பரை பிளாக் செய். முடிந்தது. இதற்கு நான் எதற்கு?

நான் எழுத மாட்டேன். அம்மா சாகக் கிடந்த அன்று எனக்கு லீவு தரவில்லை. தராததை மீறிக் கிளம்பியும் ஒரு நாள் பிந்திவிட்டது. வாசலில் பையோடு நிற்கிறேன். உறவுக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "அம்மா சாவுக்கு வராதவன் என் சாவுக்கும் வர வேண்டாம்" என்றார் அப்பா. நீ அப்போது அவர் பக்கத்தில்தான் நின்றாய். வாயைத் திறக்கவில்லை.

கிடங்குக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேலை முடிந்து வந்தால் கையுறையைக் கழற்றினாலும் விரல் மரத்துக் கிடக்கும், போன் விரலை விரல் என்றே ஒத்துக்கொள்ளாது. யாரையும் கூப்பிடாமல் இருக்க இது ஒரு நல்ல சாக்கு. பழகிவிட்டது.

அறுவை சிகிச்சைக்குச் செலவு எதுவும் தேவைப்பட்டால் எழுது.

அவன் வேறு என்ன எழுதுகிறான்?

தம்பி


பிப்ரவரி 5

தம்பிக்கு,

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை நீ. முழுக் கடிதத்திலும் முறைத்துவிட்டு, கடைசி வரியில் மட்டும் எட்டிப் பார்க்கிறாய்.

வாய் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். அன்றைக்கு என் வாயில் அம்மாவைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் இந்தக் கடிதம் போய்ச் சேராது.

நீ சொன்னதெல்லாம் செய்தேன். என் கடைக்குப் பக்கத்தில் போன் ரிப்பேர் பார்க்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் கொடுத்துத் தெரியாத நம்பர் எல்லாம் தனிப் பெட்டிக்குப் போகிற மாதிரி மாற்றி வாங்கினேன். பேங்க் ஆப் இப்போது இல்லை. கார்டு என் கைப்பையில் இருக்கிறது. அப்பாவை உட்கார வைத்து விதிகளைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், ஆனால் முகம் மலர்ந்து போயிற்று. "இதைத்தானே நான் முப்பது வருஷமா செஞ்சேன்!" என்றார். இப்போது தினமும் அந்தத் தனிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு மெசேஜாகச் சோதிக்கிறார். 'உங்கள் மின் இணைப்பு இன்று துண்டிக்கப்படும்' என்று வந்தால், "இறங்கு, இறங்கு" என்று சொல்லிக்கொண்டே அழிக்கிறார். சிரிப்பாகத்தான் இருக்கிறது. சிரித்துவிட்டு அடுப்படியில் போய் நிற்கிறேன்.

புது நம்பர்க்காரனை மட்டும் பிளாக் செய்ய விடவில்லை. "அவன் என் மகன். அவனுக்கு எதுக்கு ரூலு?" என்றார். நான் விடவில்லை. "எல்லாருக்கும் ஒரே ரூல்னு நீங்கதானேப்பா சொல்வீங்க? செக்கருக்கு மகன் உண்டா?" அந்த வார்த்தை அவரைச் சுட்டிருக்க வேண்டும். பிறகு, "சரி, கேக்கறேன்" என்று என் முன்னாலேயே அவனுக்கு எழுதினார். 'சின்ன வயசுல உன்னை பஸ்ஸில இருந்து இறக்கி விட்டேனே, அன்னிக்கு வீட்டுக்கு எப்படி வந்தே?'

பதில் உடனே வந்தது. அப்பா படித்தார். போனை என்னிடம் காட்டாமல் மார்போடு வைத்துக்கொண்டார். "சரியாச் சொல்லிட்டான்" என்றார். அவ்வளவுதான், தேர்வு முடிந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கதை வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாதே. இரண்டு நாளாக எனக்கு ஒரே யோசனை. நீதானா அது? எங்களிடம் பேசப் பிடிக்காமல், நீயே திருடன் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு அவரிடம் பேசுகிறாயா? நீதான் என்றால் சொல்லிவிடு, நான் ஒன்றும் கேட்க மாட்டேன். காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

அக்கா


பிப்ரவரி 16

அக்காவுக்கு,

நான் இல்லை.

அந்த நாளை உன்னைவிட எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பள்ளி விட்டு நாலு பேர் ஏறினோம். டிக்கெட் எடுக்க வைத்திருந்த காசுக்கு மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டோம். பாதி வழியில் அப்பா ஏறினார். மற்ற மூன்று பேரையும் முறைத்துவிட்டு விட்டுவிட்டார். என்னை மட்டும் காதைப் பிடித்து இறக்கிவிட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. வீடு எங்கேயோ இருக்கிறது. தனியாக நடந்தேன். வீட்டுக்கு வரும்போது குதிகால் இரண்டும் கொப்பளித்திருந்தன. அம்மா மருந்து போட்டுக்கொண்டே அழுதாள். நான் அழவில்லை. அன்றிலிருந்து அவர் முன்னால் அழுததும் இல்லை.

இதை அவன் எப்படிச் சொன்னான்? உன் கடிதத்தைப் படித்த பிறகு சாப்பிட முடியவில்லை. எவனோ ஒருவன் என் குதிகாலைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது.

எழுத மாட்டேன் என்று சொன்னவன் எழுதினேன். உங்கள் இரண்டு பேர் நம்பரையும் திறந்தேன். வேலை முடிந்து உடை மாற்றுகிற அறையில் உட்கார்ந்து அப்பாவுக்கு அடித்தேன். 'அப்பா, நான்தான் உங்க உண்மையான மகன். அந்தப் புது நம்பர் திருடன். உடனே பிளாக் பண்ணுங்க. அவசரம்.'

பதில் வந்தது. நலமா என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். அன்னிக்கு வீட்டுக்கு எப்படி வந்தே?

'தனியா நடந்து வந்தேன்' என்று எழுதினேன்.

அதற்கப்புறம் நான் அனுப்புவது எதுவும் போய்ச் சேரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், மணி அடிப்பதற்குள் அறுந்துவிடுகிறது. என்னை பிளாக் செய்துவிட்டார் அக்கா. இரண்டு வருடமாக நான் செய்ததைத்தான் அவர் செய்திருக்கிறார். அதனால் எனக்கு வலிக்கக் கூடாது. ஆனால் வலிக்கிறது.

உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நிதானமாகப் படி.

நான் கடையிலிருந்து வந்ததும் அப்பா வாசலுக்கே வந்துவிட்டார். சின்னப் பிள்ளை மாதிரி. "இன்னிக்கு ஒரு திருட்டுப் பயலைப் பிடிச்சேன். என் மகன்னு சொல்லிட்டு வந்தான். அவசரம்னான். அங்கேயே தெரிஞ்சு போச்சு. கேள்வி கேட்டேன், மாட்டிக்கிட்டான்." போனை வாங்கிப் பார்த்தேன். உன் நம்பர். அப்பா பழையதை அழித்திருக்கலாம், எனக்கு அது மனப்பாடம். உட்கார்ந்துவிட்டேன்.

அவசரப்படுத்துகிறவன் திருடன் என்று நீதான் எழுதினாய், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வேலிக்கு இட்ட முள் காலுக்கு வினையாயிற்று.

அப்பா குளிக்கப் போனதும் அவனோடு அவர் பேசியதையெல்லாம் பழைய தேதிவரை தள்ளிப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு அவனுக்கு எப்படிப் பதில் தெரிந்தது என்று தெரிந்துவிட்டது. அப்பாவேதான் சொல்லியிருக்கிறார். சோதனைக்கு ரொம்ப முன்னாலேயே, உன்னிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு. அதை அப்படியே எழுதுகிறேன்.

'அன்னிக்கு உன்னை இறக்கி விட்டுட்டு அடுத்த ஸ்டாப்புல நானும் இறங்கிட்டேன்டா. ஒரு கடையோரமா மறைஞ்சு நின்னு, நீ தாண்டிப் போனதும் உன் பின்னாலயே நடந்து வந்தேன். வீட்டுக்குள்ள நீ போற வரைக்கும் தெருமுனையில நின்னேன். வேலைய விட்டு இறங்கினதுக்கு மெமோ குடுத்தாங்க. நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல. கூப்பிடணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கூப்பிடல. அதுக்கப்புறமும் எத்தனையோ தடவை அப்படித்தான். வாசல்ல நீ பையோட நின்னியே, அன்னிக்கும் உள்ள வான்னு சொல்லத்தான் வாயத் திறந்தேன். வேற என்னமோ வந்துடுச்சு.'

அதற்கு அந்தப் பாவி என்ன பதில் போட்டிருக்கிறான் தெரியுமா? 'தெரியும்பா. அதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க.'

அதனால் அப்பாவைப் பொறுத்தவரை அவர் மகனுக்கு அது தெரியும். தனியாக வந்தேன் என்று சொல்கிறவன் மகனாக இருக்க முடியாது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். டாக்டர் என்னைத் திட்டட்டும். இரண்டு நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். உன் பழைய மெசேஜை என் போனிலிருந்து எடுத்து, நீ எழுதுகிற அந்த 'ம்'மைக் காட்டினேன். அதைப் பார்த்ததும்தான் நம்பினார். அழவில்லை, கத்தவில்லை. "அப்ப அவன்கிட்ட நான் சொன்னதெல்லாம்?" என்று கேட்டார். அவரே அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டு, உன்னைத் திறந்துவிட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை. இனி மெசேஜ் வேண்டாம், கடிதமும் வேண்டாம். வந்துவிடு. லீவு தரவில்லை என்றால் அந்த வேலையை விட்டுவிட்டு வா.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

வந்து சேர்ந்தேன். ரயிலில் கூட்டம் இல்லை. நீ கட்டிக் கொடுத்ததைச் சாப்பிட்டேன்.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது என்று நீ எல்லாரிடமும் சந்தோஷமாகச் சொன்னாய். நானும் தலையாட்டினேன். நீ கடைக்கும் மருந்துக்கும் ஓடிக்கொண்டிருந்தாய், அந்த அறையில் அவரும் நானும் எப்படி இருந்தோம் என்று உனக்குத் தெரியாது.

அங்கே வரும்போது ரயிலில் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்தேன். 'நீங்க பின்னால வந்தது எனக்குத் தெரியாதுப்பா.' அவ்வளவுதான். வழியெல்லாம் அதையே மென்றுகொண்டிருந்தேன். அறைக்குள் நுழைந்ததும் அவர் கண்ணைத் திறந்தார். "வந்துட்டியா" என்றார். "ம்" என்றேன். எனக்கே என்னை அறைய வேண்டும் போல இருந்தது.

பிறகு அவர் கேட்டார், "அங்க ரொம்பக் குளிரா?" "ஆமா" என்றேன். சாயந்திரம் மறுபடியும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார். தலையணையைச் சரிசெய்யப் போனால் தானே நகர்த்திக்கொள்வார். நர்ஸ் வந்து, "இவர் யாரு, மகனா?" என்று கேட்டபோது, "ஆமா. அவங்க அக்கா சொல்லி வந்திருக்கான்" என்றார்.

கோபம் இல்லை. அதுதான் கஷ்டம். கோபம் இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், அது எனக்குப் பழக்கம். அவர் வெட்கப்படுகிறார். என் முகத்தைப் பார்த்தாலே, எவனிடமோ கொட்டியதெல்லாம் ஞாபகம் வருகிறது அவருக்கு. பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது, "ஜாக்கிரதையா போ" என்றார். அதை அவர் பயணிகளிடமும் சொல்வார்.

அவர் ஒரு தடவை சொல்லிவிட்டார். சொல்ல வேண்டியது தீர்ந்துவிட்டது. வாங்கிக்கொண்டவன் வேறு ஆள்.

என் நம்பரைத் திறந்தே வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் இடைவேளையில் வெளியே வந்து அலமாரியைத் திறந்து போனைப் பார்க்கிறேன். இதுவரை ஒன்றும் வரவில்லை. நானும் ஒன்றும் அனுப்பவில்லை.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். தையல் ஆறிவிட்டது. டாக்டர் நடக்கச் சொல்கிறார், இவர் கட்டிலிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து கட்டிலுக்கும் போகிறார். சவரம் செய்துகொள்வதில்லை. சட்டையை மாற்றச் சொன்னால், "யாரு பாக்கப் போறாங்க" என்கிறார். போனைத் திரும்பக் கொடுத்தேன், தலைமாட்டில் கிடக்கிறது. தனிப் பெட்டியில் திருட்டு மெசேஜ்கள் குவிந்துகிடக்கின்றன, ஒருவரும் இறக்கிவிடவில்லை.

'நீங்களே தம்பிக்கு ஒரு வரி போடுங்கப்பா' என்று சொல்லிப் பார்த்தேன். எடுத்தார், கண்ணாடியைப் போட்டார், கொஞ்ச நேரம் பார்த்தார், வைத்துவிட்டார். "என்னன்னு எழுதறது?" என்றார்.

நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. சாப்பாட்டுத் தட்டை எடுக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த நம்பரைத் திறந்து விடும்மா."

"தம்பி நம்பர் திறந்துதானேப்பா இருக்கு?"

"அது இல்ல. அந்தப் பையன் நம்பர்."

எனக்கு என்ன வந்ததோ, கத்திவிட்டேன். "அவன் திருடன்பா! உங்கள ஏமாத்தினவன்!"

"தெரியும்" என்றார். "இனிமே ஏமாத்தறதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு? கார்டுதான் உன்கிட்ட இருக்கே. அவன் அப்பான்னு கூப்பிட்டா எனக்குப் பேச வருது. இவன் எதிர்ல வந்து உக்காந்தா வரமாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?"

தட்டைக் கழுவிக்கொண்டே அழுதேன். உனக்காகவா, அவருக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை. இத்தனை நாள் பக்கத்திலேயே இருக்கிற என்னிடமும் அவருக்குப் பேச வரவில்லை என்பதைக் கவனித்தாயா?

ஒரு பட்டனைத் தொட்டால் திறந்துவிடும். தொடுவதற்குக் கை வரவில்லை. அது உன் இடம். நீ சொல்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

திறந்துவிடு.

உன் கடிதம் வந்த அன்று கிடங்கில் ஒரு பெட்டியைப் போட்டு உடைத்துவிட்டேன். கை நழுவியது என்று சொன்னேன். நழுவவில்லை. அவனைக் கண்டுபிடித்துக் கழுத்தை நெரிக்க வேண்டும் என்று இருந்தது. அப்புறம் உடை மாற்றுகிற அறையில் உட்கார்ந்து, அவன் எழுதியதையே நான் எழுதிப் பார்க்கலாம் என்று போனை எடுத்தேன். 'அப்பா, தூக்கம் வந்துச்சா' என்று அடித்தேன். அது என் எழுத்து மாதிரியே இல்லை. அப்பா பார்த்தால் திருடன் என்றுதான் நினைப்பார். அழித்துவிட்டேன். அவனுக்கு அது தொழில். எனக்கு அது வரவில்லை, இத்தனை வயதுக்கு மேல் வருமா என்றும் தெரியவில்லை.

உன்னிடமும் அவர் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். கவனித்தேன். முதல் கடிதத்திலேயே கவனித்திருக்க வேண்டும்.

கார்டை மட்டும் எப்போதும் உன்னிடமே வைத்துக்கொள். அந்த போனில் எந்தக் காலத்திலும் பேங்க் ஆப் வரக்கூடாது. லிங்க் எதையும் தொட மாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொள். மற்றபடி பேசட்டும்.

எனக்காக ஒன்று செய். அப்பா தூங்கும்போது அந்த போனை எடுத்து, அவர் அவனுக்கு எழுதியதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி எனக்கு அனுப்பு. முதலிலிருந்து எழுது. அவன் எழுதியது எதுவும் வேண்டாம். அப்பா எழுதியது மட்டும் போதும். அதெல்லாம் எனக்கு எழுதியதுதானே அக்கா.

உறையின் மேல் என் பெயரைப் பெரிதாகவே எழுது. பரவாயில்லை.

தம்பி